பேனை பிடித்த கை

மூன்றாம் வரிசையில்தான் முதற்கை எழும்பியது.
மேலதிகத் தாள் கேட்கிறான் என்று எழுந்தேன்.
இல்லை.
பெருவிரலை நீட்டி, மற்ற நான்கையும் மடக்கி
காற்றில் எதையோ பற்றித் திருகினான்,
மூடி இறுகிய ஜாம் போத்தல் ஒன்று
முகத்துக்கு முன்னால் தொங்குவதுபோல.

பின்னால் ஒருத்தி. பிறகு யன்னலோரம் இரண்டு பேர்.
பம்பலப்பிட்டியில், தவணைப் பரீட்சை மண்டபத்தில்,
நாற்பது மேசைகளும் கொஞ்சம் முன்பின்னாக
முப்பத்துநாலாம் கேள்விக்கு வந்திருந்தன.

நான் கணக்கீடு படிப்பிக்கிறவள்.
என் உலகத்தில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று,
இரண்டும் சமன்பட்டால் அடியில் இரட்டைக்கோடு.
பொழுதுபோகாமல் பௌதிகவியல் தாளை விரித்தேன்:
"கிடைக் கம்பியொன்றில் வடக்கு நோக்கி ஓட்டம் பாய்கிறது.
கம்பிக்குச் சற்றுக் கீழே ஒரு திசைகாட்டி.
முள்ளின் வடமுனை எப்பக்கம் விலகும்?"

எப்பக்கமா?
வடக்கே போவது வடக்கே இழுக்கும்,
கோபம் வந்தால் தெற்கே தள்ளும்.
பக்கவாட்டில் திரும்ப அதற்கென்ன வந்தது?

கடலோரம் ரயில் போனது. யன்னல் கண்ணாடிகள் நடுங்கி ஓய்ந்தன.
செருப்புச் சத்தம் கேளாமல் வரிசைக்குள் நடந்தேன்.
அப்போதுதான் கண்டேன்.
வலக்கையில் பேனை. கீழே வைக்க மனமில்லை, நேரம் ஓடுகிறது.
சும்மா கிடந்த இடக்கையைத் தூக்கி
அதன் பெருவிரலைக் கரும்பலகைக்கு நீட்டுகிறார்கள்.
எனக்கு அந்த விதி தெரியாது.
ஆனாலும் இரண்டு கையும் ஒரே பக்கம் சுருளாதென்பது
இருட்டில் செருப்பு மாறிப் போட்ட எவருக்கும் தெரியும்.

வாய் திறக்கக்கூடாது.
துவாரகன் நிம்மதியாய் "கிழக்கு" என்று கோடிட்டான்.
சப்றீனா தன் கையையே சந்தேகமாய்ப் பார்த்தாள்,
யாரோ இரவல் கொடுத்த கை மாதிரி.

மூலையில் தர்மினி. இடக்கையால் எழுதுகிறவள்.
போன வருடம் மன்றக் கணக்குப் புத்தகத்தை
அந்தக் கையால் நீட்டினாள் என்று
மேசையில் வைத்துவிட்டு மறுபடி தரச் சொன்னவள் நான்தான்.
பேனை தாளைவிட்டு எழவில்லை.
வேலையற்றிருந்த வலக்கை
மேசைக்கடியில் ஒருமுறை சுருண்டு விரிந்தது.
அவ்வளவுதான்.

மணி அடித்தபின் வாசலில் கேட்டேன்:
"எந்தக் கை?"
"வலது, மிஸ். பெருவிரல் ஓட்டம், மற்ற விரல் புலம்.
இடது எண்டா எல்லாம் மறுபக்கம் வந்திரும்.
விடை மேற்கு."
மேற்கென்றால் கடல்.
"அப்ப காலி வீதிக் கரண்ட் வயருக்குக் கீழ வைச்சா
முள் கடலைக் காட்டுமோ?"
சிரித்துவிட்டாள்.
"அது ஆடலோட்டம், மிஸ். செக்கனுக்கு நூறு தரம் திரும்பும்.
முள்ளுக்கு ஒண்டும் விளங்காது, நிண்ட இடத்திலயே நிக்கும்."

மட்டக்குளி பஸ்ஸில் இருக்க இடமில்லை.
தலைக்குமேல் ஓடிய கம்பியை எட்டிப் பிடித்தேன்.
பெருவிரலை மெல்ல நகர்த்தி வைத்தேன், வடக்கே, கோட்டைப் பக்கம்.
மற்ற நான்கும் கம்பிக்கு மேலால் கிழக்கே ஏறி
வளைந்து, இறங்கி, கீழால் வந்து
நுனிகள் கடலைப் பார்த்து நின்றன.
கைக்கு முன்னமே தெரிந்திருந்தது போலும்.
தொடங்கிய இடமுமில்லை, முடிகிற இடமுமில்லை.
இதற்கு எந்த வரியில் போடுவேன் இரட்டைக்கோடு?

கொண்டக்டர் நெரிசலைப் பிளந்துகொண்டு வந்தான்.
வலக்கையை எடுக்க மனம் வரவில்லை.
பையைத் துழாவி
இடக்கையால் நூறு ரூபாயை நீட்டினேன்.

வாங்கிக்கொண்டு போனான்.
எந்தக் கை என்று பார்க்கவே இல்லை.